பேர்பெச்சுவா அக்கா கம்பஸுக்குப் போனார்

வுப்பர்டாலில் இருக்கும் தமிழர்களில், ஜெர்மன்காரர் ஒரே மூச்சில் பிழையில்லாமல் சொல்லக்கூடிய பெயர் பேர்பெச்சுவாவின் பெயர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். என் பெயர் கிருஷ்ணமூர்த்தி. வேலையிடத்தில் அதைக் "கிரிஷ்" என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அவரை மட்டும் முழுப் பெயரால் அழைப்பார்கள். அது ஒரு கிறிஸ்தவப் புனிதையின் பெயர், அவர்களுடைய தேவாலயத்திலும் இருக்கிறதல்லவா? எங்களுக்கு அவர் பெப்பா அக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் சொல்வார்கள். எங்கள் கழகத் தலைவர் சிவராமன் அண்ணை ஒருவர்தான் அவரைத் தங்கச்சி என்பார்.

நீலக்கடல் விளையாட்டுக் கழகத்தின் போட்டிகளில் ஒலிவாங்கி பிடித்து நேர்முக வர்ணனை சொல்பவன் நான். ஆகவே பெப்பா அக்காவின் வெற்றிகளை எல்லாரையும்விட உரத்த குரலில் சொன்னவன் நான்தான்.

பெப்பா அக்கா பிறந்தது யாழ்ப்பாணம் நாவாந்துறையில். மூன்று தமையன்மார், மூவரும் பந்துக்காரர். பந்து கடலுக்குள் போனால் ஓடிப்போய் எடுத்து வருவது இவருடைய வேலை. எடுத்து வந்தவர் அதைக் கையால் கொடுக்காமல் காலால் அடித்துக் கொடுத்தார். பெண்பிள்ளைகளுக்கு அங்கே அணி இல்லாத காலம். அந்த ஒரு அடிதான் அவருக்குக் கிடைத்த ஆட்டம். வலது காலாலும் இடது காலாலும் ஒரே மாதிரி அடிக்கப் பழகிக்கொண்டார். தொண்ணூற்றைந்தில் போருக்குத் தப்பி ஊரே எழும்பி நடந்தபோது அவரும் நடந்தார். வன்னி, பிறகு கொழும்பு, பிறகு ஜெர்மனி.

இங்கே முதலில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. மொழி பிடிபட்டதும் எங்கள் ஊரின் தொங்கு ரயிலுக்கு ஓட்டுநராகப் பயிற்சி எடுத்தார். வுப்பர் ஆற்றுக்கு மேலே, இரும்புக் கால்களுக்கு நடுவே தொங்கியபடி ஓடும் அந்த ரயிலில் முன்னால் இருப்பது எங்கள் பெப்பா அக்கா என்று தெரிந்தால், தமிழ்ச்சனம் நிலைய மேடையில் நின்று கைகாட்டும். அவர் கைகாட்ட மாட்டார். தலையை மட்டும் ஒருமுறை ஆட்டுவார்.

பயிற்சியாளர் ஆனது தற்செயல். எங்கள் ஆண்கள் அணி சுவிசில் நடந்த ஒரு சுற்றில் படுமோசமாகத் தோற்று வந்தது. பயிற்சியாளர் ராஜினாமா செய்தார். அடுத்த ஆள் யார் என்று கூட்டத்தில் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்ற பெப்பா அக்கா, "நான் பாக்கிறன்" என்றார். சிரித்தார்கள். அவர் சிரிப்பு முடியும்வரை பொறுத்திருந்து, "பயிற்சி செவ்வாய்க்கிழமை. பிந்தி வாறவைக்கு விளையாட இடமில்லை" என்று சொல்லிவிட்டுத் தேநீரைத் தொடர்ந்து ஊற்றினார். ஜெர்மன் உதைபந்தாட்டச் சங்கத்தின் பயிற்சியாளர் சான்றிதழைப் படித்து எடுத்தார். பிறகு அதற்கு மேலுள்ளதையும் எடுத்தார். ஐரோப்பியத் தமிழ்க் கழகங்களுக்கான கோப்பையை நீலக்கடல் மூன்று தடவை தூக்கியது. பாரிசில், பேர்ணில், ஒஸ்லோவில் தமிழ்ப் பந்துக்காரர் இரண்டு பேர் சேர்ந்தால் பெப்பா அக்காவின் பெயர் வரும் என்ற நிலை வந்தது. லண்டன் கழகம் ஒன்று ஆளனுப்பிக் கேட்டுப் பார்த்தது. அவர் போகவில்லை.

அப்படிப்பட்டவர் போன குளிர்காலத்தில், மலைமேல் இருக்கும் பல்கலைக்கழகத்தின் மகளிர் அணிக்குப் போகிறார் என்ற செய்தி கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது.

அன்றைக்கு அந்தக் குழுவில் வந்த குரற்செய்திகளைக் கேட்டு முடிக்க எனக்கு ஒரு முழு ரயில் பயணம் தேவைப்பட்டது. அழுதவர்கள் உண்டு. கறுப்பு நிறத்தில் கழகச் சின்னத்தைப் போட்டவர்கள் உண்டு. ஒருவர் இது பொய்ச் செய்தி, லண்டன்காரரின் வேலை என்று அடித்துச் சொன்னார். சனிக்கிழமை எல்லாரும் எல்பர்ஃபெல்டில் இருக்கும் சிவராமன் அண்ணையின் கடைக்கு வந்துவிட்டார்கள். கடையின் பின்புறம், அரிசி மூட்டைகளுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே இருக்கும் இடம்தான் எங்கள் பாராளுமன்றம்.

"இது துரோகம்," என்று சிவராமன் அண்ணை தொடங்கினார். "வேற சொல்லுக் கிடையாது. கோப்பை வைச்சிருக்கிற ரீமை விட்டிட்டு, ஒரு மட்ச்கூட வெல்லாத ரீமுக்குப் போறதெண்டால் என்ன அர்த்தம்?"

"அதுவும் படிக்கிற பிள்ளையள்," என்றார் துணைப் பயிற்சியாளர் சேகர். அவர் முகம் வெளிறியிருந்தது. பெப்பா அக்கா போனால் அந்த இடம் தன் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். "பரீட்சை எண்டால் வராயினம். லீவெண்டால் வீட்டை போயிடுவினம். ரெண்டு வருசத்தில படிப்பு முடிஞ்சு ஆளே இராது. அவையை வைச்சு எப்பிடி ரீம் கட்டுறது?"

"அவை வேர்த்துக் குளிச்சிட்டுப் போறதுக்கு விளையாடுற ஆக்கள்," என்று வேறொருவர் குரல் கொடுத்தார்.

றோசம்மா அக்கா குறுக்கே வந்தார். ஒவ்வொரு போட்டிக்கும் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவருபவர். மைதானத்தில் நடுவரை அவர் ஏசுவதை நான் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு மறைத்த நாட்கள் பல. "ஏன் அண்ணை, பெடியள் மூண்டு தரம் கோப்பை தூக்கேக்கை உங்களுக்கு அவ தேவைப்பட்டா. இப்ப பெண்பிள்ளையளுக்கு ஒராள் சொல்லிக் குடுக்கப் போனால் உங்களுக்கு நோகுதோ?"

"பெண்பிள்ளையள் எண்டதுக்குச் சொல்லேல்லை, றோசம்மா."

"அப்ப எதுக்குச் சொல்லுறியள்?"

"எங்கட ஆக்களெல்லோ நாங்கள்! எங்களை விட்டிட்டுப் போறாவே!"

உண்மையில் எல்லாருடைய நெஞ்சிலும் கிடந்தது அதுதான். ஆற்றாமை.

அப்போது குளிர்பெட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "சார், ஒரு நிமிஷம்."

திரும்பிப் பார்த்தோம். கையில் கறிவேப்பிலைப் பொட்டலமும் உறைந்த பரோட்டாவும் வைத்துக்கொண்டு, நெடுநெடுவென்று ஒரு பெண். குளிருக்குப் போட்ட தொப்பி புருவம்வரை இறங்கியிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்த டீம்ல நான்தான் கோல்கீப்பர். பேரு சுகன்யாதேவி. தேனி பக்கம். இங்க கெமிஸ்ட்ரில மாஸ்டர்ஸ் பண்றேன்."

சேகர் அரிசி மூட்டையின் தையலை ஆராயத் தொடங்கினார்.

"நாங்க ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலைன்னு சொன்னீங்க. கரெக்ட். நான் காலேஜ்ல ஹேண்ட்பால் பிளேயர், ஃபுட்பாலே இங்க வந்துதான் ஆடுறேன். ஆனா குளிச்சிட்டுப் போறதுக்காக யாரும் வர்றதில்ல சார். லேப்ல எக்ஸ்பெரிமெண்ட்டைப் பாதில விட்டுட்டு மழையில வர்றோம். கோச் வேற ஊருக்குப் போயிட்டாரு. மூணு மாசமா நாங்களே கோன் வெச்சு நாங்களே ஓடிக்கிட்டு இருந்தோம். உங்க மேடம் பக்கத்து கிரவுண்ட்ல உங்க டீமுக்கு டிரெய்னிங் குடுக்குறதை வேலி வழியா பார்ப்போம். ஒரு நாள் அவங்களே வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கத்துனாங்க, 'பிள்ளை, கோலுக்குள்ள நிண்டு என்ன செய்யிறாய், முன்னுக்கு வா'ன்னு. வந்தேன். பிடிச்சேன். அப்புறம்தான் எங்க கேப்டன் போய்க் கேட்டா."

சொல்லிவிட்டு, கறிவேப்பிலைக்கும் பரோட்டாவுக்கும் காசைக் கொடுத்து வெளியே போய்விட்டார். கதவு மணி அடித்து ஓய்ந்தது.

"நல்லாத்தான் கதைக்குது பிள்ளை," என்றார் சிவராமன் அண்ணை. "எண்டாலும் துரோகம் துரோகம்தான்."

அடுத்த வாரம் கழகம் கூட்டம் வைத்தது. பெப்பா அக்கா வேலை முடிந்து ஓட்டுநர் சீருடையிலேயே வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னோம், நின்றார். எல்லாரும் தங்கள் கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்கள், ஆனால் அவரைக் கண்டதும் நீ கேள், நீ கேள் என்று பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடித்தார்கள். கடைசியில் சிவராமன் அண்ணைதான் கேட்டார்.

"எங்களை விட்டிட்டுப் போறீரோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை, போறன்."

யாரும் எதிர்பார்த்த பதில் அது இல்லை. சமாதானம் சொல்வார், இரண்டையும் பார்ப்பேன் என்பார் என்று நினைத்திருந்தோம்.

"ரெண்டையும் ஒண்டாச் செய்ய ஏலாது. செய்தால் ரெண்டும் பழுதாப் போம். சேகர் நாலு வருசமா எனக்குப் பக்கத்தில நிக்கிறார். நான் இல்லாட்டிலும் உந்த ரீம் வெல்லும். நான் ஆக்களை அப்பிடித்தான் பழக்கினனான்." பிறகு சொன்னார்: "உங்களில கனபேருக்குத் தெரியாது. எனக்குத் தொண்ணூற்றைஞ்சில யாழ்ப்பாணக் கம்பஸில இடம் கிடைச்சது. விஞ்ஞான பீடம். ஐயா ஒரு சைக்கிள்கூட வாங்கி வைச்சிட்டார். வகுப்புத் தொடங்க முன்னம் ஊர் எழும்பிட்டுது. நான் கம்பஸ் வாசலை மிதிக்கேல்லை. இப்ப ஐம்பது வயதில என்னை ஒரு கம்பஸ் கூப்பிடுது. பாடம் படிக்கக் கூப்பிடேல்லை, சொல்லிக் குடுக்கக் கூப்பிடுது. நான் போகாமல் விடுவனே?"

றோசம்மா அக்கா எழுந்து நின்று கைதட்டினார். தனியாகத்தான் தட்டினார். பிறகு நானும் தட்டினேன். பிறகு சிலர். சிவராமன் அண்ணை தட்டவில்லை. ஆனால் வெளியே வரும்போது அவர் பெப்பா அக்காவுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

முதல் போட்டியில் பல்கலைக்கழக அணி ஐந்து கோல் வாங்கித் தோற்றது. வாட்ஸ்அப் குழுவில் சிலர் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள். இரண்டாவது போட்டியும் தோல்வி. லண்டனிலிருந்து ஒருவர், "பெப்பா அக்காவின்ர காலம் முடிஞ்சுது" என்று குரற்செய்தி அனுப்பினார். அதைக் கேட்டு, அதுவரை துரோகம் துரோகம் என்று சொல்லிக்கொண்டிருந்த சிவராமன் அண்ணைக்கே கோபம் வந்துவிட்டது. "அவன் ஆர் எங்கட பெப்பாவைப் பற்றிக் கதைக்க?" என்று கடையில் குதித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் மலையேறிப் போய்ப் பயிற்சியைப் பார்த்தேன். சரியான வுப்பர்டால் மழை, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடித்தது. வந்திருந்தவர்கள் ஏழு பேர்தான். மற்றவர்களுக்குத் தேர்வோ, ஆய்வுகூடமோ, வேலையோ. எங்கள் ஆண்கள் அணியில் ஏழு பேர் வந்திருந்தால் பெப்பா அக்கா எல்லாரையும் திருப்பி அனுப்பியிருப்பார். இங்கே அவர் மைதானத்தின் ஒரு மூலையைக் கூம்புகளால் அடைத்து, மூன்று மூன்று பேராக ஆட விட்டிருந்தார். கோலுக்குள் சுகன்யாதேவி.

"எல்லாரும் வரட்டும் எண்டு பாத்தால் கிறிஸ்மஸ் வந்திடும்," என்றார் என்னிடம். "வந்த ஆக்களோட பழகுறம். மூண்டு பேர் ஆளையாள் விளங்கினால் காணும். பதினொண்டு தானா வரும்."

சிக்கல் வேறொன்று இருந்தது. அணியில் பல நாட்டுப் பிள்ளைகள். வேகத்தில் ஒருத்தி ஆங்கிலத்தில் கத்துவாள், இன்னொருத்தி டொச்சில், அதாவது ஜெர்மனில், மற்றொருத்தி ஸ்பானியத்தில். பந்து நடுவே கிடக்கும். அன்றைக்கு ஒரு உயரப் பந்து வந்தபோது சுகன்யாதேவி தன்னை மறந்து "விடு, விடு!" என்று கத்தினார். அவருக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரி லேனா, பக்கத்து ஊர் ஜெர்மன் பெண், அந்தச் சொல்லின் பொருள் தெரியாமலே சட்டென்று ஒதுங்கினார். பந்து நேராகச் சுகன்யாதேவியின் கைக்குள் போனது.

பெப்பா அக்கா விசில் ஊதினார். லேனாவிடம் ஏன் ஒதுங்கினாய் என்று கேட்டார். அந்தச் சத்தமே அப்படிச் சொன்னது என்றார் லேனா. அன்றிலிருந்து அந்த அணியின் மைதான மொழி தமிழ் ஆனது. விடு, எடு, தா, திரும்பு. நாலே நாலு சொல். பிரேசில்காரியும் துருக்கிக்காரியும் அதை அழகாகப் பிடித்துக்கொண்டார்கள். எதிரணிக்கு ஒன்றும் விளங்காது. ஹாகனிலிருந்து வந்து படிக்கும் முன்கள ஆட்டக்காரி வேணுஜா, "வீட்டில அம்மா கத்துற சொல்லுகளை மட்ச்சில கேக்கச் சிரிப்பா இருக்கு" என்றார். சிரித்தாலும் கோல் அடித்தார்.

மூன்றாவது போட்டி வென்றார்கள். நாலாவதும். கடையில் பேச்சின் சுருதி மாறியது. "சும்மா அதிட்டம்" என்றவர்கள், "எண்டாலும் அந்த நடுக்களப் பிள்ளை கெட்டிக்காரி" என்றார்கள். பிறகு, "பெப்பா ஏன் அந்தப் பிள்ளையை இடதுபக்கம் போடேல்லை?" என்று பெப்பா அக்காவுக்கே பாடம் எடுக்கத் தொடங்கினார்கள். இதற்கிடையில் சேகரின் நீலக்கடலும் வென்றுகொண்டிருந்தது. அவர் முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. ஞாயிறு நீலக்கடல், புதன் பல்கலைக்கழகம் என்று எங்கள் சனத்துக்கு இரண்டு அணிகள் வந்துவிட்டன. துரோகம் என்ற சொல்லை யார் முதலில் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

கோடை தொடங்கும்போது பெப்பா அக்காவின் அணிப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கோப்பையின் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஆட்டம் கொலோனில். எதிரே, தெற்கிலிருந்து வந்த பெரிய பல்கலைக்கழகம். விளையாட்டையே பாடமாகப் படிக்கும் பெண்கள், ஒரே அளவு, ஒரே ஓட்டம்.

வுப்பர்டாலிலிருந்து ஒரு பேருந்து நிறையப் போனோம். கொலோன் தமிழ்ச் சங்கத்துக்காரர் கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். றோசம்மா அக்காவின் ரோல்ஸ் பெட்டி, ஒரு மேளம், நீலக்கடலின் கொடி எல்லாம் வந்தன. மற்றப் பக்கத்து இருக்கைகளில் இருந்த மாணவர்கள், இந்தத் தமிழ்க் குடும்பங்களுக்கும் பல்கலைக்கழகப் பந்துக்கும் என்ன தொடர்பு என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். சிவராமன் அண்ணை கழகத்தின் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். எனக்கு ஒலிவாங்கி இல்லை. தேவையும் இல்லை, என் தொண்டை பழக்கப்பட்டது.

தொடக்கத்திலிருந்தே கத்தினோம். "எடு! எடு! அடி! திரும்பு பிள்ளை, திரும்பு!" நாங்கள் எப்போதும் கத்துவது அப்படித்தான். மைதானத்தில் எங்கள் அணி ஏனோ தடுமாறியது. பந்தை எடுத்தவள் காரணமில்லாமல் திரும்பினாள். ஓட வேண்டியவள் நின்றாள். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை, அதனால் இன்னும் உரக்கக் கத்தினோம்.

இடைவேளைக்குச் சற்று முன் எதிரணிப் பெண் ஒருத்தி வேணுஜாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சிவராமன் அண்ணைக்கு இரத்தம் கொதித்தது. எழுந்து நின்று, "விடு! விடு அவளை! விடு!" என்று மைதானம் அதிரக் கத்தினார்.

நடுவர் அந்த இழுப்பைக் கவனிக்கவில்லை, அண்ணை கத்துவதை நிறுத்தவுமில்லை. பந்து அவர்கள் பக்கம் போய், அங்கிருந்து உயர்ந்து எங்கள் கோலை நோக்கி வந்தது. இலகுவான பந்து. லேனா தலையால் முட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் "விடு" என்ற சத்தம் அவர் காதில் விழுந்தது. சொன்ன சொல்லுக்குப் பணிந்து, அவர் ஒதுங்கி வழிவிட்டார். சுகன்யாதேவி அப்படி எதுவும் சொல்லவில்லை, ஆகவே இடத்திலேயே நின்றார். பின்னால் ஓடிவந்த எதிரணிக்காரி பந்தைக் காலால் தொட்டு உள்ளே உருட்டினாள்.

ஒன்றுக்குப் பூச்சியம்.

எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. சிவராமன் அண்ணை நின்றபடியே இருந்தார். அவருடைய கைகள் இன்னும் காற்றில் இருந்தன.

இடைவேளை விசில் ஊதியதும் பெப்பா அக்கா அணியிடம் போகவில்லை. மைதானத்தைக் கடந்து, நேராக எங்களிடம் வந்தார். தடுப்புக் கம்பியில் இரண்டு கையையும் வைத்தார்.

"ஆர் 'விடு' எண்டு கத்தினது?"

சிவராமன் அண்ணை கையை உயர்த்தினார், பள்ளிக்கூடத்தில் போல.

"அண்ணை, நீங்கள் மட்டுமில்லை. எல்லாரும் கேளுங்கோ. என்ர பிள்ளையளுக்கு நாலு தமிழ்ச் சொல்லுத்தான் தெரியும். அந்த நாலையும் நீங்கள் நூறு பேர் ஒண்டாச் சேர்ந்து கத்துறியள். அவளவை எதைக் கேக்கிறது? இனி ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. தமிழிலயும் கூடாது, டொச்சிலயும் கூடாது."

"மேளம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மேளமும் கூடாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். நீலக்கடலின் சனத்திடம் வாயை மூடு என்று சொன்னவர் அதுவரை ஒருவரும் இல்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. நாங்கள் கத்தவில்லை. றோசம்மா அக்கா தன் சால்வையின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டார். மேளக்காரர் மேளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். என் வாழ்நாளில் ஒரு உதைபந்தாட்டத்தை நான் சத்தமில்லாமல் பார்த்ததே இல்லை. வியர்த்தது.

அந்த அமைதியில்தான் அவர்களுடைய குரல்கள் கேட்டன. "தா!" என்று வேணுஜா. "திரும்பு!" என்று பிரேசில்காரி, 'ரு'வைக் கொஞ்சம் உருட்டி. "எடு!" என்று லேனா. எங்கள் சொற்கள், எங்கெங்கோ பிறந்த பிள்ளைகளின் வாயில், கொலோன் புற்றரையில். மூன்று மூன்று பேராகப் பந்து நகர்ந்தது. மூலையில் மழையில் பார்த்த அதே ஆட்டம், இப்போது முழு மைதானத்தில். பந்து எதிரணியின் காலுக்குப் போகவேயில்லை. இடது பக்கத்தில் மூன்று பேர் தங்களுக்குள் பந்தை மாற்றி மாற்றி உள்ளே போனார்கள், பிரேசில்காரி கோல்காவலரின் கையை ஏமாற்றி மூலையில் வைத்தாள்.

ஒன்றுக்கு ஒன்று!

நாங்கள் எல்லாரும் துள்ளி எழுந்தோம், வாயைத் திறந்தோம், சத்தம் வரவில்லை. வரவிடவில்லை. நூறு பேர் சத்தமில்லாமல் குதித்தோம். சிவராமன் அண்ணை என்னைக் கட்டிப்பிடித்து உலுக்கினார். சேகர் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினார். மற்றப் பக்கத்து மாணவர்கள் கைத்தொலைபேசியை எடுத்து எங்களைப் படம் பிடித்தார்கள்.

எதிரணி விடவில்லை. கடைசி நிமிடங்களில் அலை அலையாக வந்தார்கள். சுகன்யாதேவி ஒரு பந்தைக் காலால் தடுத்தார், ஒன்றைப் பக்கமாக விழுந்து தள்ளினார். பிறகு ஒரு மூலை உதை. அவர்களில் பெரும்பாலோர் எங்கள் கோலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். பந்து வளைந்து வந்தது. லேனா எழும்பத் தயாரானார்.

"விடு!"

ஒற்றைச் சொல். தெளிவாக, மணி அடித்ததுபோல, மைதானம் முழுக்கக் கேட்டது. லேனா குனிந்தார். சுகன்யாதேவி எல்லாருடைய தலைக்கும் மேலே எழும்பி இரண்டு கையாலும் பந்தைப் பிடித்தார். தரையில் கால் பட்டதோ இல்லையோ, கையைப் பின்னுக்கு இழுத்து, அந்த ஹேண்ட்பால் கையால், பந்தை நடுக்கோடுவரை வீசினார். அங்கே வேணுஜா தனியாக நின்றார். அவருக்கும் கோலுக்கும் நடுவே ஒரே ஒரு ஆள்.

வேணுஜா ஓடினார். அந்த ஒருத்தி வந்தாள். வேணுஜா வலது பக்கம் போவதுபோலச் சாய்ந்து இடது காலால் அடித்தார்.

வலை ஆடியது.

நாங்கள் மறுபடியும் சத்தமில்லாமல் குதித்தோம். இந்தமுறை பலருக்குக் கண்ணீர் வந்தது. பெப்பா அக்கா எல்லைக்கோட்டில் கையைக் கட்டியபடி நின்றார். அசையவில்லை. ஆட்டம் தொடர்ந்தது, எதிரணி ஒரு தடவை வந்தது, பந்து கம்பத்துக்கு மேலால் போனது, நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், விசிலை வாய்க்குக் கொண்டு போனார், மூன்று முறை ஊதினார்.

பிள்ளைகள் மைதானத்தின் நடுவே ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தார்கள். லேனா சுகன்யாதேவியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். பிறகு எல்லாரும் பெப்பா அக்காவை நோக்கி வந்தார்கள். அவர் ஓடப் பார்த்தார், முடியவில்லை. தூக்கிவிட்டார்கள். ஓட்டுநர் இருக்கையில் தலையை மட்டும் ஆட்டும் அந்த மனுசி, காற்றில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நாங்களோ இன்னும் கம்பிக்குப் பின்னால் பேச்சில்லாமல் நின்றோம். ஒருவருக்கும் துணிவில்லை. அவரை இறக்கி விட்டதும் சிவராமன் அண்ணை தடுப்புக் கம்பிமேல் சாய்ந்து, கையைக் குவித்து, கிசுகிசுப்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, இனிக் கத்தலாமோ?"

பெப்பா அக்கா எங்களைப் பார்த்தார். சால்வையைக் கடித்துக்கொண்டு நின்ற றோசம்மா அக்காவை, மேளத்தைக் கட்டிப்பிடித்திருந்தவரை, சேகரை, என்னை.

"கத்துங்கோ அண்ணை," என்றார். "நல்லாக் கத்துங்கோ."

மேளத்தில் அடி விழுந்தது. நாங்கள் கத்தினோம்.